அச்சுக்கு முந்தைய தேர்வு: அமெரிக்க மாத நூல் கழகமும் ரிச்சர்டு ரைட்டின் இரு நூல்களும் (1926–1945)

ஆய்வுச்சுருக்கம்

வாசகர் கழகமொன்று தன் உறுப்பினர்கள் அடுத்துப் படிக்கவேண்டிய நூலைத் தெரிவு செய்வது வாசிப்பு வரலாற்றில் பழைய வழக்கம். 1926ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற 'புக் ஆஃப் த மந்த் கிளப்' எனும் மாத நூல் கழகம் இவ்வழக்கத்தைப் பெருவணிகமாக மாற்றியது. நூல் அச்சாகி வெளிவருவதற்கு முன்பே, மெய்ப்பு நிலையிலேயே அதனைத் தெரிவு செய்யும் முறையையும் அது நிலைப்படுத்தியது. இம்முறை தேர்வாளர்களுக்கு நூலின் பாடத்தின்மீதும் செல்வாக்கை அளித்தது என்பதை ரிச்சர்டு ரைட்டின் 'நேட்டிவ் சன்' (1940), 'பிளாக் பாய்' (1945) ஆகிய இரு நூல்களின் வெளியீட்டு வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாசகர் கழகம், நூல் தேர்வு, மெய்ப்பு, பாட வேறுபாடு, ரிச்சர்டு ரைட், டோரதி கேன்ஃபீல்டு ஃபிஷர், ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம்

முன்னுரை

கூடிப் படிப்போர் எங்கிருந்தாலும் அவர்களிடையே முதலில் எழும் வினா, அடுத்து எந்த நூல் என்பதே. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அவர்தம் நண்பர்களும் 1731இல் பிலடெல்பியாவில் நூலகக் கழகத்தைத் தோற்றுவித்தபோது, உறுப்பினர்களின் பணத்தைத் திரட்டிய பின் எழுந்த சிக்கலும் இதுவாகவே இருந்தது. அந்நகரின் கற்றறிந்தவர் எனப் பெயர்பெற்ற ஜேம்ஸ் லோகனிடம் ஆலோசனை கேட்டு, பட்டியல் ஆயத்தம் செய்து, இலண்டனுக்கு அனுப்பி நூல்களை வரவழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிற்றூர்களில் இயங்கிய நூற்குழுக்களும் இவ்வாறே பொதுநிதியில் நூல்களை வாங்கி, உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டன.

இக்குழுக்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை தெரிவு செய்த நூல்கள் முன்னரே அச்சாகிக் கடைக்கு வந்தவை. ஒரு நூல் பிடிக்காவிடில் அதனைத் தள்ளலாம். அந்நூலின் ஒரு பக்கத்தைக்கூட மாற்ற இயலாது. மாத நூல் கழகத்தின் தோற்றத்தோடு இந்நிலை மாறியது. இம்மாற்றத்தை அதன் நிறுவனர்கள் திட்டமிட்டுச் செய்ததாகக் கொள்ளச் சான்றில்லை. அஞ்சல்வழி வணிகத்தின் கால அட்டவணையிலிருந்து அது தானாக விளைந்தது.

கழகத்தின் தோற்றமும் நடுவர் குழுவும்

மாத நூல் கழகத்தை நிறுவிய ஹாரி ஷெர்மன் விளம்பரத் துறையில் பயின்றவர். 1916 அளவில் சிறுதோல் நூலகம் என்னும் பெயரில் செவ்வியல் நூல்களின் சிறுபதிப்புகளை விற்று, ஒருகட்டத்தில் அவற்றைச் சாக்லேட் பெட்டிகளுக்குள்ளும் வைத்து அனுப்பியவர். அவ்வணிகத்தில் அவர் கண்ட குறை ஒன்றுண்டு. பழைய நூல்களை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கவேண்டிய தேவை இல்லை. புதிய நூல்களை மாதந்தோறும் அனுப்பினால் வாடிக்கை தொடரும். ஆனால் இன்னும் யாரும் படித்திராத புதிய நூலை, இன்னதென்று அறியாமலே வாங்க வாசகர் எவ்வாறு முன்வருவார்? இதற்கு விடையாகவே நடுவர் குழு அமைக்கப்பட்டது.

நடுவர் ஐவர். யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவரும் 'சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்' இதழின் ஆசிரியருமான ஹென்றி சைடல் கேன்பி தலைவர். கேன்சஸ் மாநிலத்தின் எம்போரியா என்னும் சிறுநகரில் நாளிதழ் நடத்தி நாடறிந்தவரான வில்லியம் ஆலன் ஒயிட், பத்தி எழுத்தாளர் ஹேவுட் புரூன், கட்டுரையாளர் கிறிஸ்டோபர் மார்லி, வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த நாவலாசிரியர் டோரதி கேன்ஃபீல்டு ஃபிஷர் ஆகியோர் ஏனையோர். ஐவரும் பொதுமக்களுக்கு முன்பே அறிமுகமான பெயர்கள். ஷெர்மனின் விளம்பரங்கள் இப்பெயர்களையே முன்னிறுத்தின. உறுப்பினர் செலுத்திய பணத்தில் ஒரு பங்கு இவர்களது தீர்ப்பின்மீது கொண்ட நம்பிக்கைக்கான விலை எனலாம்.

1926 ஏப்ரலில் முதல் நூலாக சில்வியா டவுன்செண்டு வார்னரின் 'லாலி வில்லோஸ்' 4,750 உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. திருமணமாகாத நடுவயதுப் பெண்ணொருத்தி உறவினர் வீட்டிலிருந்து வெளியேறிச் சிற்றூருக்குச் சென்று சூனியக்காரியாகும் கதை அது. பெருந்திரளான வாசகரைக் குறிவைத்துத் தொடங்கிய நிறுவனம், அவ்வளவாக அறியப்படாத ஓர் ஆங்கிலப் பெண் எழுத்தாளரின் முதல் நாவலை முதல் நூலாக எடுத்துக்கொண்டது வியப்பளிப்பதே. கழகத்தின்மீது பிற்காலத்தில் சுமத்தப்பட்ட 'சராசரி வாசகரின் சராசரிச் சுவை' என்னும் குற்றச்சாட்டு அதன் முதல் தேர்வுக்குப் பொருந்தாது.

தொடக்க மாதங்களில் நூல்கள் முன்னறிவிப்பின்றி அனுப்பப்பட்டன. பிடிக்காதவர் திருப்பியனுப்பலாம் என்ற விதியைப் பலர் பயன்படுத்தவே, திரும்பி வந்த படிகள் குவிந்தன. ஆகவே முறை மாற்றப்பட்டது. வரவிருக்கும் நூலைப் பற்றிய அறிவிப்பு இதழொன்று முன்கூட்டியே உறுப்பினருக்குச் செல்லும். வேண்டாம் என்பவர் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவேண்டும். எழுதாவிடில் நூல் வந்துசேரும். உறுப்பினரின் மௌனமே இசைவாகக் கொள்ளப்பட்ட இம்முறை, நடுவர்களின் தேர்வுக்கு இயல்பாகவே பெரும் எடையைத் தந்தது. 1929க்குள் உறுப்பினர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது.

எதிர்ப்புகளும் எழாமலில்லை. புத்தகக் கடைக்காரர்கள் தம் வாடிக்கை போகிறதென்று முறையிட்டனர். ஐவர் கூடி ஒரு நாட்டின் வாசிப்பை ஒரே அச்சில் வார்க்கிறார்கள் என்று திறனாய்வாளர் சிலர் கடிந்தனர். 1929இல் ஜோன் லோவல் என்பவரின் கடல்வாழ்க்கைத் தன்வரலாறு எனத் தெரிவு செய்யப்பட்ட 'த கிரேடில் ஆஃப் த டீப்' பெரும்பாலும் புனைவு என்பது வெளிப்பட்டபோது, கழகம் உறுப்பினருக்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வரவேண்டியதாயிற்று. நடுவர்கள் ஏமாறக்கூடியவர்கள் என்பதை இந்நிகழ்ச்சி ஊரறியச் செய்தது. எனினும் அடுத்த பத்தாண்டுகளில் கழகத்தின் செல்வாக்கு வளர்ந்தேவந்தது; பேர்ல் பக்கின் 'த குட் எர்த்', மார்கரெட் மிச்சலின் 'கான் வித் த விண்ட்' முதலியன அதன் வழியே பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றன.

மெய்ப்பு நிலையில் தேர்வு

தேர்வு நடைமுறை வருமாறு. பதிப்பகங்கள் தாம் வெளியிடவிருக்கும் நூல்களின் மெய்ப்புப் படிகளைக் கழகத்துக்கு அனுப்பின. முதனிலை வாசகர்கள் அவற்றைப் படித்துச் சலித்தனர். எஞ்சியவை நடுவர்களுக்குச் சென்றன. நடுவர்கள் மாதம் ஒருமுறை நியூயார்க்கில் கூடி, மதிய உணவின்போது பேசி முடிவெடுத்தனர். வாக்கெடுத்து எண்ணிக்கை பார்ப்பதைவிட, ஒருவர் மிகுந்த பற்றுடன் வாதாடும் நூலுக்கு மற்றவர் இணங்குவதே வழக்கமாக இருந்தது. வெகுதொலைவிலிருந்த ஒயிட் பெரும்பாலும் அஞ்சல்வழியே தம் கருத்தைத் தெரிவித்தார். ஃபிஷர் வெர்மான்டின் பண்ணைவீட்டிலிருந்தபடி ஒவ்வொரு நூலையும் படித்து விரிவான குறிப்புகள் எழுதியனுப்பினார். ஐவருள் மிகுந்த உழைப்பாளி அவரே என்பது கழகத்தின் வரலாற்றை எழுதியோர் பலரும் ஒப்பும் செய்தி.

இங்குக் கருதத்தக்கது காலம். தெரிவு செய்யப்பட்ட நூலின் பல்லாயிரம் படிகளைக் கூடுதலாக அச்சிட்டு, கட்டி, வெளியீட்டு நாளையொட்டி அனுப்பவேண்டுமெனில், தேர்வு அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். எனவே நடுவர்கள் படித்தது அச்சுக்கோக்கப்பட்டும் இன்னும் திருத்தத்துக்கு இடமுள்ள படியை. அவர்கள் தயங்கினால், அத்தயக்கத்தின் காரணம் பதிப்பகத்துக்குத் தெரியவரும். பதிப்பகம் அதனை எழுத்தாளரிடம் சொல்லும். எழுத்தாளரின் கையில் அப்போது எழுதுகோல் இருக்கிறது. ஒருபுறம் தம் பாடம், மறுபுறம் இலட்சக்கணக்கான வாசகரும் பெருந்தொகையும். யாரும் யாருக்கும் கட்டளையிடாமலே பாடம் மாறுவதற்கான சூழல் இவ்வாறு அமைந்தது.

'நேட்டிவ் சன்': 1939–1940

ரிச்சர்டு ரைட் 1908இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பாட்டனார் பாட்டியர் அடிமைகளாகப் பிறந்த தலைமுறையினர். 1938இல் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் சில்ட்ரன்' எனும் கதைத்தொகுப்பு அவருக்குப் புகழைத் தந்தது. ஆனால் வசதிபடைத்த வெள்ளையர் அதனைப் படித்துக் கண்ணீர் விட்டு மனம் ஆறிக்கொள்ள முடிந்தது என்பதே அவருக்கு அதன்மேல் வெறுப்பை உண்டாக்கியது. அழுது ஆறுதல் பெற இடந்தராத ஒரு நூலை அடுத்து எழுதவேண்டும் என்று உறுதிபூண்டதாகப் பின்னர் அவரே எழுதினார். 'நேட்டிவ் சன்' அவ்வுறுதியின் விளைவு. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒற்றை அறையில் தாயுடனும் தம்பி தங்கையுடனும் வாழும் பிக்கர் தாமஸ் எனும் இருபது வயது இளைஞன், டால்டன் என்ற செல்வர் வீட்டில் ஓட்டுநராகச் சேர்ந்த முதல் இரவிலேயே அவர் மகள் மேரியைத் தற்செயலாகக் கொன்றுவிடுகிறான். அச்சமும் வெறியும் அடுத்தடுத்த செயல்களுக்கு அவனைத் துரத்துகின்றன.

ஹார்ப்பர் பதிப்பகம் 1939இல் நூலை அச்சுக்கோத்து, கட்டிய மெய்ப்புப் படியைக் கழகத்துக்கு அனுப்பியது. கழகம் ஆர்வம் காட்டியது, தயக்கத்தையும் தெரிவித்தது. பதிப்பாசிரியர் எட்வர்டு ஆஸ்வெல் 1939 ஆகஸ்டில் ரைட்டுக்கு எழுதிய கடிதத்தின் வழியே அத்தயக்கம் எழுத்தாளரை எட்டியது. திருத்தம் நடைபெறுவதற்காக வெளியீடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மாற்றங்களுள் முதன்மையானவை மூன்று. நாவலின் தொடக்கத்தில் பிக்கரும் நண்பன் ஜேக்கும் திரையரங்கின் இருளில் தற்புணர்ச்சியில் ஈடுபடும் பகுதி நீக்கப்பட்டது. அதே அரங்கில் அவர்கள் காணும் செய்திப்படம், அதாவது ஃபுளோரிடா கடற்கரையில் மேரி டால்டன் தன் காதலனோடு களித்திருக்கும் காட்சி, எடுக்கப்பட்டது. மேரியின் படுக்கையறைக் காட்சியில் பிக்கருக்கு அவள்மேல் எழும் விழைவும் அவளது எதிர்வினையும் மங்கலாக்கப்பட்டன.

முதல் மாற்றத்தை அக்கால அச்சுலகின் நாணவுணர்வு என்று ஒருவாறு கடந்துவிடலாம். ஏனைய இரண்டும் அவ்வாறானவை அல்ல. மெய்ப்புப் பாடத்தில் பிக்கர் டால்டன் வீட்டு வாயிலில் நுழையும்முன்பே மேரியைத் திரையில் கண்டவன். வெள்ளையரின் செல்வமும் இன்பமும் கறுப்பின இளைஞனுக்குக் காட்சிப்பொருளாக முன்வைக்கப்பட்டு, தொட்டால் உயிர்போகும் என்ற தடையும் உடன்வைக்கப்படுகிற நிலையை அச்செய்திப்படம் நாவலுக்குள் கொண்டுவந்தது. அது நீங்கியபின், அவளை அவன் முதன்முதலாகக் காண்பது அவள் வீட்டில். படுக்கையறையில் அவனது விழைவும் மங்கிவிடவே, எஞ்சுவது அச்சம் ஒன்றே. கறுப்பின ஆணைப் பாலியல் அச்சுறுத்தலாகச் சித்திரித்துக் கும்பற்கொலைகளை நியாயப்படுத்திய ஒரு நாட்டில், அவ்விழைவை மறைத்தது பிக்கரை வாசகரின் இரக்கத்துக்கு எளிதில் உரியவனாக்கியது என வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. எனினும் இரக்கத்துக்கு எளிதில் இடந்தராத நூலை எழுதவே ரைட் முனைந்தார் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நூலுக்கு டோரதி கேன்ஃபீல்டு ஃபிஷர் ஓர் அறிமுகவுரை எழுதினார். ஆய்வகத்தில் விலங்குகளைத் தீர்க்கவியலாத இக்கட்டுக்குள்ளாக்கி அவற்றின் நடத்தை சிதைவதைக் காணும் உளவியல் சோதனைகளோடு அவ்வுரை தொடங்குகிறது. அமெரிக்கச் சமூகம் கறுப்பின இளைஞரை அவ்வாறே நடத்துகிறது என்பது அவர் வாதம். நோக்கம் நல்லது. ஒப்புமை இன்று படிப்போருக்கு உறுத்தும். இலக்கிய வரலாற்று நோக்கில் இவ்வுரைக்கு நெடிய முன்மரபு உண்டு. 1845இல் ஃபிரெடரிக் டக்ளஸ் தம் அடிமை வாழ்க்கையை எழுதி வெளியிட்டபோது, வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும் வெண்டெல் ஃபிலிப்ஸின் கடிதமும் முற்பகுதியில் இடம்பெற்றன. கறுப்பின எழுத்தாளரின் சொல்லுக்கு வெள்ளையர் ஒருவர் சான்றளிக்கவேண்டியிருந்த அம்மரபு, 95 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்ததை ஃபிஷரின் உரை காட்டுகிறது.

1940 மார்ச் 1 அன்று நூல் வெளிவந்தது. கழகம் அதனை அம்மாதத்துக்குரிய தேர்வாக அறிவித்திருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் நூல் அவ்வாறு முதன்மைத் தேர்வானது அதுவே முதன்முறை. மூன்று வாரங்களில் 2,15,000 படிகள் விற்றன. அதுவரை எந்தக் கறுப்பின எழுத்தாளரும் எட்டியிராத வாசகர்ப்பரப்பை ரைட் எட்டினார். இதனைச் சிறிதாக மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தம் ஊரில் கறுப்பினத்தவரோடு ஒரே மேசையில் அமர்ந்திராத எத்தனையோ குடும்பங்களின் அஞ்சற்பெட்டிக்குள் பிக்கர் தாமஸ் சென்றுசேர்ந்தான்.

'அமெரிக்கப் பசி' பாதியான வரலாறு

1943 இறுதியில் ரைட் தம் தன்வரலாற்றை எழுதிமுடித்தார். 'அமெரிக்கன் ஹங்கர்', அதாவது 'அமெரிக்கப் பசி' என்பது அவர் இட்ட தலைப்பு. அது இரு பகுதிகளாலானது. 'தெற்கின் இரவு' எனப் பொருள்படும் முதற்பகுதி மிசிசிப்பி, டென்னசி மாநிலங்களில் கழிந்த இளமையைக் கூறியது. 'கொடுமையும் மகிமையும்' எனப் பொருள்படும் இரண்டாம் பகுதி, 1927இல் சிகாகோவுக்குச் சென்றபின் அங்கும் தொடர்ந்த இழிவுகளையும், பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து பின் அதனோடு முரண்பட்ட அனுபவங்களையும் கூறியது. தெற்கிலிருந்து தப்பினால் விடுதலை என்ற எண்ணத்தை உடைப்பதே இரண்டாம் பகுதியின் பணி. பசி தெற்குக்கு உரியதன்று, அமெரிக்காவுக்கு உரியது என்பது தலைப்பிலேயே உள்ளது.

முழுநூலும் அச்சுக்கோக்கப்பட்ட நிலையில் கழகத்தின் பார்வைக்குச் சென்றது. நடுவர்கள் முதற்பகுதியை மட்டும் தனிநூலாக ஏற்க விரும்பினர். ரைட் இசைந்தார். பாதிநூலுக்குப் 'பசி'த் தலைப்பு பொருந்தாமற்போகவே, 'பிளாக் பாய்' என்ற பெயரை அவரே முன்மொழிந்தார்.

இரண்டாம் பகுதி நீங்கியதால் முதற்பகுதிக்குப் புதிய முடிவு தேவைப்பட்டது. 1944 கோடையில் ஃபிஷருக்கும் ரைட்டுக்கும் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இம்முடிவைப் பற்றியதே. கழகத்தின் வரலாற்றில் ஒரு நடுவரும் ஓர் எழுத்தாளரும் நேருக்குநேர் பாடத்தைப் பற்றி உரையாடியதற்கு இது அரியதோர் ஆவணம். ஃபிஷரின் கடிதங்களில் மிகுந்த பணிவு காணப்படுகிறது. எழுத்தாளரின் உரிமையில் தலையிடத் தயங்குவதாகச் சொல்லிக்கொண்டே அவர் தலையிட்டார். இவ்வளவு இருண்ட சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு வேறொரு வாழ்க்கை உண்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது, அமெரிக்க இலட்சியங்களின் ஒளிக்கீற்று ஏதேனும் அவனை எட்டியிருக்காதா, இன ஒதுக்கலைப் போக்கப் பாடுபட்ட வெள்ளையருக்கு ஒரு சொல்லேனும் நன்றியாகக் கூறலாகாதா என்பன அவர் கேட்டவற்றின் சாரம். அப்போது போர்க்காலம். அவருடைய மகன் ஜேம்ஸ் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1945 சனவரி இறுதியில் ஃபிலிப்பைன்ஸின் கபனாட்டுவான் சிறைமுகாமை மீட்கும் தாக்குதலில் காயமுற்று அவர் உயிர்துறந்தார். தம் மகன் போருக்குச் சென்ற நாடு தன் பேரிலட்சியங்களுக்குத் தகுதியுடையதென நம்ப விரும்பிய ஒரு தாயின் குரலும் அக்கடிதங்களில் கலந்திருக்கக் கூடும்.

ரைட் கேட்ட வினாவுக்கு விடையளித்தார். கேட்ட விடையை அளிக்கவில்லை. தெற்கின் வெள்ளையர் எவரும் தமக்கு நம்பிக்கையூட்டியதாக அவர் எழுத ஒப்பவில்லை. அமெரிக்காவைப் பெயர்சொல்லிப் போற்றவுமில்லை. தமக்கு வேறோர் உலகைக் காட்டியவை புத்தகங்களே என்று புதிய முடிவில் சேர்த்தார். தற்செயலாகக் கைக்குக் கிடைத்த நாவல்களும் திறனாய்வுகளுமே வாழ்க்கை வேறுவிதமாகவும் இருக்கக்கூடும் என்பதை உணர்த்தின என்பது அம்முடிவின் கருத்து.

அந்நூலின் பிற்பகுதியில் உள்ள மெம்ஃபிஸ் நிகழ்ச்சியோடு இணைத்து நோக்கும்போதுதான் இவ்விடையின் கூர்மை புலப்படும். மெம்ஃபிஸில் கண்ணாடி நிறுவனமொன்றில் ஏவலாளாக இருந்தபோது, ஹெச். எல். மென்கன் என்னும் எழுத்தாளரைக் கண்டித்த நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை ரைட் படிக்க நேர்ந்தது. தெற்கத்திய வெள்ளையர் வெறுக்கும் ஒரு வெள்ளையர் என்ன எழுதியிருப்பார் என்ற ஆவல் எழுந்தது. நகர நூலகம் கறுப்பினத்தவருக்கு நூல் தராது. உடன்பணியாற்றிய ஐரிஷ் கத்தோலிக்கர் ஒருவர் தம் நூலக அட்டையை இரவல் தந்தார். அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டைப் போலியாக எழுதி, நூல்களை வாங்கிவர அனுப்பப்பட்ட ஏவலாள் போல ரைட் நூலகத்தில் நின்றார். நூலகர் ஐயுற்றபோது தமக்குப் படிக்கத் தெரியாது என்றார். அவ்வாறு பெற்ற மென்கனின் நூலில் காணப்பட்ட பெயர்களே அவருக்கு அடுத்துப் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலாயின.

தாம் படிக்கவிருக்கும் நூலைத் தாமே தெரிவுசெய்தவர், வேறொருவர் தெரிவுசெய்ததாகப் பாவனை செய்தால்தான் அதனைப் பெறமுடிந்தது. அந்நிகழ்ச்சியைக் கூறும் நூலே, அடுத்தவருக்காக நூல் தெரிவு செய்யும் குழுவொன்றின் இசைவைப் பெறுவதற்காகப் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஃபிஷர் இதனை உணர்ந்திருந்தாரா என்பதற்கு அவர் கடிதங்களில் குறிப்பேதும் இல்லை.

'பிளாக் பாய்' 1945 தொடக்கத்தில் வெளிவந்து அவ்வாண்டில் மிகுதியாக விற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. மிசிசிப்பியின் செனட்டர் தியடோர் பில்போ நாட்டின் மேலவையிலேயே எழுந்து அதனை ஆபாசமென்று வசைபாடினார். குறைக்கப்பட்ட வடிவமே இத்தகைய சினத்தைத் தூண்டியது என்பது கருதத்தக்கது. ஆனால் அந்நூலின் வடிவம் புதிதொன்றையும் செய்தது. இளைஞன் வடக்கு நோக்கிப் புறப்படுவதோடு முடிவதால், குற்றம் முழுவதும் தெற்கின்மீது விழுந்தது. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இருந்த உறுப்பினர் தம் ஊரைப் பற்றிய பக்கங்களைப் படிக்காமலே நூலை மூடிவைக்க முடிந்தது. கழகத்தின் கருத்து எதுவாயினும் அதன் விளைவு இதுவே. பாலியல் சார்ந்த வெட்டுகளைக் காட்டிலும் இது பெரிய இழப்பாகும்.

எழுத்தாளரின் இசைவு

இவ்வரலாற்றை ஒடுக்குவோர், ஒடுக்கப்பட்டோர் என்ற இருமையில் மட்டும் எழுதுவது எளிது; சான்றுகள் அதற்கு முழுமையாக இடந்தருவதில்லை. இரு முறையும் ரைட் இசைந்தார். அவருடைய முகவர் பால் ரெனால்ட்ஸும் பதிப்பாசிரியர் ஆஸ்வெலும் அவர் நலன் நாடியவர்களே. நீக்கப்பட்ட பகுதியின் கட்சிசார் அத்தியாயங்களை அவர் புதைத்துவிடவுமில்லை. 1944 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் அவற்றின் பெரும்பகுதி வெளிவந்தது. ஃபிஷர் இல்லாதிருந்தால் இவ்விரு நூல்களும் தேர்வாகியிருக்குமா என்பதும் ஐயத்துக்குரியது. வெட்டச் சொன்னவரும் வாதாடி உள்ளே கொணர்ந்தவரும் ஒருவரே.

எனினும் இசைவு என்ற சொல்லை அளந்து பயன்படுத்தவேண்டும். தேர்வை மறுத்துத் தம் பாடத்தைக் காத்துக்கொள்ளும் வசதி எல்லா எழுத்தாளருக்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1951இல் 'த கேட்சர் இன் த ரை' நாவலின் தலைப்பை மாற்ற இயலுமா என்று அதே கழகம் கேட்டபோது, கதைநாயகன் அதை விரும்பமாட்டான் என்று சாலிஞ்சர் மறுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது. நூல் அதே தலைப்பில் தேர்வும் பெற்றது. ரைட்டிடம் கேட்கப்பட்டது தலைப்பு மாற்றம் மட்டுமன்று. கேட்கப்பட்டபோது அவருக்கு முன் அவ்வாயிலில் நுழைந்த கறுப்பின எழுத்தாளர் எவருமில்லை.

மீட்கப்பட்ட பாடங்கள்

ஜேம்ஸ் பால்டுவின் 1949இல் எழுதிய புகழ்பெற்ற மறுப்புக் கட்டுரை முதல் அடுத்த நாற்பதாண்டுகள் 'நேட்டிவ் சன்' பற்றி நிகழ்ந்த விவாதங்கள் அனைத்தும் 1940ஆம் ஆண்டுப் பாடத்தையே அடிப்படையாகக் கொண்டவை. பிக்கரின் உள்ளம் போதிய அளவு மனிதத்தன்மையுடன் தீட்டப்படவில்லை என்ற குறைகூறல் எந்தப் பாடத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைத் தனித்தனியே ஆராயவேண்டியுள்ளது. 1940ஆம் ஆண்டுப் பாடமே ஆசிரியர் ஒப்பிய பாடம். ஒரு தலைமுறை படித்ததும் அதுவே. ஆதலின் அதனை விலக்கலாகாது என்னும் கருத்தும் பதிப்பியலாளரிடையே உள்ளது. அது எளிதில் தள்ளத்தக்கதன்று.

ரைட் 1960இல் பாரிஸில் மறைந்தார். தன்வரலாற்றின் இரண்டாம் பகுதி 1977இல் 'அமெரிக்கன் ஹங்கர்' என்ற பழைய தலைப்பிலேயே தனிநூலாக வந்தது. இரு பகுதிகளையும் ஒருசேர வாசகர் பெறுவதற்கு 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆர்னால்டு ராம்பர்சாட்டின் பொறுப்பில் 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' வரிசையில் ரைட்டின் நூல்கள் வெட்டப்படாத வடிவில் வெளியாயின. அதில் இடம்பெற்ற 'நேட்டிவ் சன்' பாடத்துக்கு மூலமாகக் கொள்ளப்பட்டது, 1939இல் ஹார்ப்பர் பதிப்பகம் கட்டி மாத நூல் கழகத்தின் நடுவர்களுக்குத் தேர்வுக்காக அனுப்பிய அதே மெய்ப்புப் படியாகும்.